உப்புக்காற்றில் ஓடும் இரும்பு – 9: பாரம்தான் ஆக்சிலைக் கேட்கும்

"பெரிய எஞ்சின் ஏத்தப்போறேண்ணே, எந்த ஆக்சில் தாங்கும்?" பிக்கப்பைப் பட்டறையில் நிறுத்துகிறவர்கள் பேச்சை இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இயல்பான கேள்விதான். ஆனால் தலைகீழாக நிற்கிறது. ஆக்சில் ஷாஃப்ட் ஒடிவதற்கு எஞ்சினைக் குற்றம் சொல்வதற்கு முன் வண்டியில் ஏற்றிய பாரத்தையும், மாட்டிய டயரின் உயரத்தையும், டிஃப்ரன்ஷியலில் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பின் ஆக்சில் மேல் 1 டன் நிற்கிறது. டயரின் மையத்திலிருந்து தரைக்கு 37 செ.மீ. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிமானத்தை 0.8 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பின் சக்கரமும் சேர்ந்து தரையைத் தள்ளக்கூடிய முறுக்குவிசை சுமார் 2,900 நியூட்டன் மீட்டர். அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும் டயர் வழுக்கிச் சுற்றுமே தவிர, ஷாஃப்டுக்கு அந்தச் சுமை போகாது. இப்போது 120 நியூட்டன் மீட்டர் தருகிற ஒரு பழைய டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கியர் 4, லோ ரேஞ்ச் 2.5, கிரவுன் பினியன் 5.38 என்றால் பெருக்கி வருவது ஏறக்குறைய 6,450. அந்தச் சின்ன எஞ்சினே டயரை வழுக்க வைக்கும் அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தந்துவிட்டது. எஞ்சினை இரட்டிப்பாக்கினால் டயர் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான்.

அதே வண்டியில் உப்பு மூட்டை ஏற்றிப் பின் ஆக்சில் பாரத்தை 2 டன்னாக்குங்கள். 2,900 என்பது 5,800 ஆகிவிடும். சாதாரண டிஃப்ரன்ஷியல் அதை இரண்டு ஷாஃப்டுக்கும் பாதிப் பாதியாகப் பிரித்துக் கொடுக்கும். லாக்கர் போட்ட நிலையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் தொங்கினால், மொத்தமும் ஒற்றை ஷாஃப்ட் வழியாகத்தான் போயாக வேண்டும். ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு ஒடிவது அந்த இடத்தில்தான். கடற்கரைக்காரர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் கூனிமேட்டுக் கடற்கரை மணலில் சக்கரம் புதைந்து சுற்றும்போது ஷாஃப்டுக்குக் கஷ்டமே இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் அதே சக்கரம் சட்டென்று கிழக்குக் கடற்கரைச் சாலையின் தார் விளிம்பைக் கவ்வும்போது, சுழலும் டயரின் வேகம் முழுவதும் ஒரே அடியாக ஷாஃப்டில் இறங்குகிறது. மணலில் மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள் என்று ஓட்டுநர்களிடம் நான் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

எஞ்சினும் ஆக்சிலும் மாறிய கதை நம் நாட்டுக்குப் புதிதல்ல. மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டத் தொடங்கியபோது அது பெட்ரோல் வண்டி. பிறகு எம்எம்540 வந்தது. அதில் பியூஜோவின் 2,112 சிசி எக்ஸ்டிபி டீசல் எஞ்சின். முன்னும் பின்னும் ஒற்றைக் குழாயான உறுதி ஆக்சில், ஸ்பிரிங் பட்டை. ஜபல்பூர் ஆலை 1969 முதல் 1999 வரை ராணுவத்துக்குச் செய்த ஜோங்காவும் அப்படித்தான். நிஸான் பட்ரோல் வழி வந்த அந்த வண்டியில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருந்தது. ராணுவம் ஏலம் விட்ட ஜோங்காக்களை வாங்கியவர்கள் பெட்ரோல் செலவு தாங்காமல் எஞ்சினைக் கழற்றி டீசலை வைத்தார்கள். ஆக்சிலைத் தொடவில்லை. தொடவேண்டிய தேவையும் வரவில்லை, ஏனென்றால் அந்த ஆக்சில் ராணுவப் பாரத்துக்காகச் செய்யப்பட்டது.

பிறகு காலம் மாறியது. டொயோட்டா ஹைலக்ஸ் 4x4 வண்டி அமெரிக்காவில் 1985 மாடலோடு முன் உறுதி ஆக்சிலைக் கைவிட்டது. இங்கே 2010இல் வந்த மகிந்திரா தார், முன்பக்கம் தனித்தனியாக ஏறி இறங்கும் டார்ஷன் பார் சஸ்பென்ஷனோடு வந்தது. சாலையில் சொகுசு கூடியது. பாறையில் சக்கரம் நீண்டு இறங்குவது குறைந்தது. அதனால்தான் காட்டுவழிப் போட்டிக்குப் போகிறவர்கள் மறுபடி உறுதி ஆக்சிலைத் தேடுகிறார்கள். மகிந்திராவே 2018இல் அமெரிக்காவில் இறக்கிய ராக்ஸர், தார் வழி வந்த வண்டிதான். முன்பக்கம் உறுதி ஆக்சில். அதுவும் சாலைக்கு அல்ல, தோட்டத்துக்கும் காட்டுக்கும் விற்ற வண்டி.

இனி, பழைய ஆக்சில் தேடிப் போகிறவர் கையில் டேப் வேண்டும். ஜிப்ஸியின் முன் சக்கரங்களுக்கு இடையே அகலம் 1,300 மி.மீ. ஜீப் ஆக்சில் அதைவிடவும் குறுகல். இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸுக்கு 1,570. ஜீப் ஆக்சிலை அப்படிப்பட்ட பிக்கப்பின் அடியில் மாட்டினால் சக்கரம் இரண்டும் மட்கார்டுக்குள் ஒளிந்துகொள்ளும், வளைவில் வண்டி சாயும். ஸ்பேசர் போட்டு அகலப்படுத்தினால் வீல் பேரிங் சீக்கிரம் போகும். ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் ஐந்து போல்ட், டி-மேக்ஸுக்கு ஆறு. முன்னால் ஐந்தும் பின்னால் ஆறுமாக விட்டுவிட்டால் இரண்டு ஸ்டெப்னி தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். டிஃப்ரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜீப்பிலும் ஜிப்ஸியிலும் அது வலப்பக்கம். உங்கள் டிரான்ஸ்பர் கேஸிலிருந்து முன்னுக்கு வரும் ஷாஃப்ட் இடப்பக்கம் இறங்கினால் இரண்டும் சேராது. விலை பேசும்முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சின் கணக்கில் வருவது இந்த இடத்தில்தான், கிரவுன் பினியன் விகிதத்தில். 74 செ.மீ. விட்டமுள்ள டயர், டாப் கியர் நேரடி. 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 575 சுற்று போகும். 5.38 விகிதம் என்றால் எஞ்சின் 3,100 சுற்றில் கத்தும். 4.27 என்றால் 2,450. 3.73 என்றால் 2,150 அளவில் நிதானமாக ஓடும். 2,000 சுற்றுக்குள் முழு இழுவை தரும் காமன் ரயில் டீசலுக்குப் பழைய ஜீப்பின் 5.38 பொருந்தவே பொருந்தாது. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருக்க வேண்டும் என்பதில் சமரசமே கூடாது. முன்னே 4.27, பின்னே 4.88 என்று மாட்டினால் மணலில் சமாளிக்கலாம்; தாரில் நான்கு சக்கரத்தையும் இணைத்த மறு நிமிடம் முறுக்கிக்கொண்டு கிராஸ் போகும்.

ஆனால் கூனிமேட்டுப் பிக்கப்புக்கு உண்மையில் என்ன வேலை? புதுவைக்கு ஐஸ் பெட்டியில் மீன், மரக்காணத்து அளத்திலிருந்து உப்பு, சவுக்குக் கட்டை, கோடையில் தர்பூசணி. பாறை ஏறும் வேலை ஒன்றுமில்லை. இந்த வண்டிக்கு முன் ஆக்சிலை மாற்றுவது காசைக் கடலில் போடுவது என்பது என் கருத்து. பின் ஆக்சிலில்தான் அக்கறை வேண்டும். அது ஃபுல் ஃப்ளோட்டிங்காக இருக்கட்டும். அதில் பாரத்தை ஹவுசிங்கும் ஹப் பேரிங்கும் சுமக்கும். ஷாஃப்ட் முறுக்கை மட்டும் கடத்தும். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும். செமி ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்டே பாரத்தையும் தாங்குகிறது. வெளிமுனையில் ஒடிந்தால் சக்கரம் தனியே உருண்டு போய்விடும். அடையாளம் எளிது. சக்கரத்தின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டு, அதன் முகத்தில் வட்டமாகப் போல்ட்டுகள் இருந்தால் ஃபுல் ஃப்ளோட்டிங். போர்க்கால வில்லிஸின் பின் ஆக்சில் அந்த வகை. பின்னால் வந்த சிவில் ஜீப்பில் அது செமி ஃப்ளோட்டிங் ஆனது.

உப்பு நீர் விஷயத்தை நம் ஊர்க்காரர்கள் துருவோடு நிறுத்திவிடுகிறார்கள். ஓடிச் சூடான ஆக்சில் ஹவுசிங் அளத்து வாய்க்காலில் இறங்கியதும் உள்ளேயிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மேலே இருக்கும் பிரீதர் அடைத்துக் கிடந்தால், அந்த வெற்றிடம் ஆயில் சீலைத் தாண்டி உப்பு நீரை உள்ளே இழுத்துவிடும். கிரவுன் ஆயில் பால் காபி நிறத்துக்கு மாறும்; சில வாரத்தில் பேரிங் ஊளையிடும். பிரீதரில் ஒரு ரப்பர் டியூபைச் செருகி பாடியின் உயரத்துக்கு மேலே கட்டிவிட்டால் தீர்ந்தது. சில நூறு ரூபாய் வேலை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். எஞ்சினும் ஆக்சிலும் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் மேலே சொன்ன முன் ஆக்சில் வேலைகள் எல்லாம் சொந்த நிலத்தில் ஓடும் வண்டிக்கும் போட்டி வண்டிக்கும் மட்டுமே. சாலையில் ஓட்டிப் பிழைக்கிறவர் அதே மாடலின் அசல் ஆக்சிலையே வாங்கட்டும்.

பழைய ஆக்சிலை வாங்கும்போது டிரெயின் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். காந்தமுள்ள பிளக்கில் பசை போல மெல்லிய கறுப்புத் தூள் இருந்தால் அது வயதின் தேய்மானம், பயமில்லை. நகத்துண்டு அளவில் பளபளக்கும் சில்லு ஒட்டியிருந்தால் கிரவுனின் பல் உடைந்திருக்கிறது, விட்டுவிடுங்கள். பிறகு பினியனைக் கையால் இடமும் வலமுமாகச் சுழற்றிப் பாருங்கள். மெல்லிய ஆட்டம் இருக்கத்தான் வேண்டும். 'டொக்' என்று சத்தம் கேட்கும் அளவுக்கு ஆடினால் பேரிங்கும் ஷிம்மும் செலவு வைக்கும். அதை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும். கடைசியாக ஹவுசிங்கின் அடிப்பக்கத்தில் ஸ்பிரிங் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். உப்புக்காற்று அரிக்கத் தொடங்குவது அங்கேதான். பெயின்டுக்கு அடியில் தகடு தகடாக உரிந்து வந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

(தொடரும்)