மலைச்சரிவில் நடப்பவருக்கும் எடை குறையாதது ஏன்?

"நாள்தோறும் மேட்டில் ஏறி இறங்குகிறேன், ஆயினும் எடை குறையவில்லையே!" ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும் வாழ்வோர் பலரின் மனக்குறை இது. சில மாதங்கள் நடந்து பார்த்துவிட்டு, பயனில்லை என்று நடையையே கைவிடுவோரும் உண்டு. அவர்கள் இழப்பது சிறிதன்று. எனவே, உணவின் வரவையும் உழைப்பின் செலவையும் நோயாளரும் குடும்பத்தினரும் சேர்ந்து அறிந்துகொள்வது நலம்.

மாறிய உழைப்பு, மாறாத தட்டு

1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபிப் பயிரைக் கொணர்ந்தார். பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் சரிவேறிப் பழம் பறித்தோரும், மூட்டை சுமந்தோரும் நாள் முழுதும் உழைத்தனர். சாமை, தினை, கேழ்வரகு விளைவித்த மலையாளிப் பழங்குடி மக்களின் வாழ்வும் அத்தகையதே. நிறைந்த தட்டு அவ்வுழைப்புக்குத் தேவையாயிருந்தது. இன்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அமர்ந்தபடியே கடக்கிறோம்; அடுத்த தெருவுக்கும் இருசக்கர வாகனம் எடுக்கிறோம். உழைப்பு சுருங்கியது, தட்டோ பழைய அளவிலேயே உள்ளது.

கணக்கு சொல்வது என்ன?

70 கிலோ எடையுள்ள ஒருவர் சமதளத்தில் அரைமணி நேரம் விரைந்து நடந்தால், ஓய்வாக இருப்பதைவிடக் கூடுதலாகச் சுமார் 90 கலோரி செலவாகும். அந்நடையில் 100 மீட்டர் உயரம் ஏறினால் மேலும் 65 கலோரி அளவுக்குச் சேரும். ஆக, 155 கலோரி. நடந்து முடித்து ஏரிக்கரைக் கடையில் சூடான பஜ்ஜியும் காபியும் உண்கிறார் என்று கொள்வோம். பஜ்ஜியிலுள்ள எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியானால் அதுவே ஏறத்தாழ 120 கலோரி. காபியிலுள்ள பாலும் சர்க்கரையும் சுமார் 100. மாவைக் கணக்கில் சேர்க்கும் முன்னரே, செலவை வரவு விஞ்சிவிட்டது.

எனவே, எடையைக் குறைக்கும் முயற்சி முதலில் அடுப்பங்கரையில் தொடங்கவேண்டும். அன்றாட எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி குறைத்தால் 120 கலோரி மிச்சம். இரு வேளைக் காபியில் இரண்டிரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையை விட்டால் 80. சோற்றில் 150 கிராம் குறைத்தால் சுமார் 190. இவற்றுடன் அரைமணி நடையும் சேர்ந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி பற்றாக்குறை உண்டாகும். குறைத்த சோற்றின் இடத்தைக் கீரை, காய்கறிகளாலும் பருப்பு, முட்டை, மோர் முதலியவற்றாலும் நிரப்பினால் பசி தணியும்.

சாமைச் சோறு உண்டால் எடை குறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அரிசியிலும் சாமையிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 கலோரி உண்டு. சாமையில் நார்ச்சத்து மிகுதி என்பது உண்மை. அளவின்றி உண்ணலாம் என்பது பிழை.

விரைவு வேண்டா

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது பாதுகாப்பானது. எடை குறைக்கும் உணவு நாளொன்றுக்கு 1000 கலோரிக்குக் கீழே செல்லலாகாது. எடை குறையக் குறைய உடலின் செலவும் குறைவதால், சில மாதங்களுக்குப் பின் வேகம் தணியும். அது தோல்வியின் அறிகுறியன்று.

அங்ஙனமாயின் நடை எதற்கு? உணவை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும்; உடற்பயிற்சி தசையைக் காக்கும். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் தடுக்கும். எடைக்கருவியின் முள் அசையாவிடினும் இரத்தச் சர்க்கரைக்கும், இரத்த அழுத்தத்துக்கும், இதயத்துக்கும் நன்மை செய்யும். வாரத்தில் 150 நிமிட மிதமான உழைப்பை உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவது இதனாலேயே.

கவனிக்க வேண்டியவை

இன்சுலினோ, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகளோ கொள்வோர், மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைத்தலும் புதிதாக மலையேறுதலும் கூடா. சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். நடக்கும்போது சிறிது சர்க்கரையோ குளுக்கோஸோ கையில் இருக்கட்டும். ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ மிகுந்த மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நின்று மருத்துவ உதவி பெறவேண்டும். மூட்டு வலியுள்ளோருக்கு இறக்கமே மிகுந்த சுமை. அவர்கள் சமமான பாதையைத் தேர்க. கருவுற்ற தாய்மார் எடை குறைக்க முயலலாகாது.

இறுதியாக, குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோள். நோயாளருக்கெனத் தனிச் சமையல் நெடுநாள் நிலைப்பதில்லை. வீட்டுக்கு ஒரே குழம்பு, அதில் குறைந்த எண்ணெய் என்று முடிவு செய்யுங்கள். மாலையில் அவரோடு ஒருவரேனும் நடந்து வாருங்கள்.