ஆசான் இல்லாத ஓவியர்கள்

தணிக்கைக்கு வருபவர் கணக்குப் புத்தகங்களை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று அங்கத்தினர்களில் பலர் எண்ணுவதுண்டு. ஆனால் பேரேட்டில் ஏறாத விஷயங்கள் பலவும் நம் கண்ணில் படுகின்றன. சென்ற தை மாதம் பழங்காநத்தத்தில் கண்ட ஒன்றை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

ஒரு காலத்தில் வயல்கள் சூழ்ந்த ஊராக இருந்த பழங்காநத்தம் இன்று மதுரை மாநகரின் ஒரு பகுதியாகிவிட்டது. அங்கே நெசவாள அங்கத்தினர் ஒருவரின் தறியைப் பார்வையிடச் சென்றோம். தறிக்கு எதிர்ச் சுவரில் படங்கள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஒரு சிப்பிப்பாறை நாய், ஒரு காது மடிந்த வெள்ளாடு, ஒரு கூண்டுக்கிளி, புலிக்குளம் காளைகள் நான்கைந்து. யாவும் அவருடைய மகன் வரைந்தவை. பையனுக்கு வயது பத்தொன்பது. தார் சுற்றுவதும், தந்தைக்கு ஓய்வு வேண்டும்போது தறியில் அமர்வதும் அவன் வேலை. ஓவியப் பள்ளி எதிலும் பயின்றவனல்லன். அக்கம்பக்கத்தார் தாம் வளர்க்கும் பிராணிகளின் உருவத்தை வரைந்து தரும்படி கேட்கவே, படம் ஒன்றுக்கு 200 ரூபாய் பெற்று வரைந்து கொடுத்து வந்தான்.

அவற்றுள் ஒரு படம் மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. காரணம் கேட்டோம். அருகிலுள்ள அவனியாபுரத்தில் பொங்கலன்று ஜல்லிக்கட்டு நடைபெறுவதை யாவரும் அறிவர். அப்பக்கத்து விவசாயி ஒருவர் ஒன்பது ஆண்டுகள் வளர்த்த காளை, கார்த்திகையில் நோயுற்று இறந்துபோயிற்று. கைப்பேசியில் இருந்த ஒரு மங்கலான படத்தைக் கொடுத்து, அதைப் பெரிதாக வரைந்து தரும்படி அவர் கேட்டிருக்கிறார். பையனும் பத்து நாட்கள் உழைத்து முடித்தான். அவர் வந்து பார்த்தார். "மாடு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என் மாடு இல்ல" என்றார். பேசிய பணத்தைத் தறிமேட்டில் வைத்துவிட்டுப் படத்தை எடுக்காமலே போய்விட்டார்.

"ஐயா, நீங்க படிச்சவங்க. முறையாப் படிக்காதவன் வரைஞ்சா இப்படித்தானா? இதை விட்டுட்டுத் தறியிலேயே உட்காருன்னு சொல்லிடவா?" என்று தந்தை நம்மிடம் கேட்டார். பையன் தலை நிமிரவில்லை. "ஆமாம், அதுவே நல்லது" என்ற பதில் நம் நாவின் நுனி வரை வந்துவிட்டது. எனினும், யோசித்துச் சொல்வதாகக் கூறி விடைபெற்றோம். அந்த யோசனையின் பயனே இக்கட்டுரை.

முதலில் நம் மதுரையிலேயே பிறந்த ஒருவரைப் பார்ப்போம். மனோகர் தேவதாஸ் 1936-இல் மதுரையில் பிறந்தார். அமெரிக்கன் கல்லூரியில் இரசாயனம் பயின்று, சென்னையில் மின்கலம் செய்யும் தொழிற்சாலையில் இரசாயன நிபுணராக வேலை பார்த்தார். ஓவியத்தை அவர் எந்தக் கலாசாலையிலும் கற்கவில்லை. பேனாவும் மையும் கொண்டு தாமே வரைந்து வரைந்து கைவரப் பெற்றார். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களையும், திருமலை நாயக்கர் மகாலையும், தாம் சிறுவனாகத் திரிந்த மதுரையின் தெருக்களையும் நுண்ணிய கோடுகளால் எழுதினார். பாவு நூலை ஒவ்வொன்றாக எண்ணி இழுக்கும் நெசவாளி, அக்கோடுகளின் அருமையை மற்றவரைவிட எளிதில் உணர்வார்.

இவ்வளவு நுட்பமாக வரைந்தவரின் கண்களோ நாளுக்கு நாள் ஒளி குன்றி வந்தன. அவருக்கு வந்தது விழித்திரை நோய். அந்நோயில் முதலில் மங்கிய வெளிச்சத்தில் பார்வை தடுமாறும். பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல நடுவில் சிறு வட்டம் மட்டுமே எஞ்சும். துன்பம் அத்துடன் நிற்கவில்லை. அவர் மனைவி மகிமாவும் ஓவியர். 1972-இல் நேர்ந்த கார் விபத்தில் தோளுக்குக் கீழ் செயலிழந்தார். 2008-இல் மகிமா காலமாகும் வரை கணவர் உடனிருந்து பேணினார். அலுவலகம், மனைவிக்குப் பணிவிடை, மங்கும் கண்கள் இவற்றிற்கிடையேதான் படங்கள் பிறந்தன. அவற்றை வாழ்த்து அட்டைகளாக அச்சிட்டு, விற்ற பணத்தை அறச்செயல்களுக்கு அளித்தனர். மதுரையில் கழிந்த இளமையைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய 'கிரீன் வெல் இயர்ஸ்' என்னும் நூல் 1997-இலும், மதுரைச் சித்திரங்கள் கொண்ட 'மல்டிபிள் ஃபேசெட்ஸ் ஆஃப் மை மதுரை' 2007-இலும் வெளிவந்தன. 2020-இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. 2022 டிசம்பரில் சென்னையில் காலமானார்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. அவர் சோற்றுக்கு ஓவியத்தை நம்பியிருக்கவில்லை. உத்தியோகம் சோறு போட்டது. ஆசான் இல்லாத குறையைப் பார்வையின் பொறுமையால் நிரப்பினார். சுருங்கிய கண்ணாலும், ஒரு கோபுரத்தை அங்குலம் அங்குலமாகப் பார்க்கச் சித்தமாயிருந்தார்.

"கோபுரம் அசையாமல் நிற்கும். காளையும் நாயும் நிற்குமா?" என்று சிலர் கேட்கலாம். அதற்கு விடை கூறுபவர் இங்கிலாந்து தேசத்து ஜார்ஜ் ஸ்டப்ஸ். 1724-இல் லிவர்பூல் நகரில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். இளமையில் தந்தையின் தொழிலிலேயே உழைத்தார். ஓர் ஓவியரிடம் சேர்ந்து, சில வாரங்களிலேயே விலகிவிட்டார். அதன்பின் இயற்கையே அவருக்கு ஆசானாயிற்று.

குதிரையை உள்ளது உள்ளபடி எழுத வேண்டுமானால், தோலுக்கு அடியில் இருப்பதை அறிய வேண்டும் என்று அவர் துணிந்தார். 1756-ஆம் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டு காலம் ஒரு கிராமத்துப் பண்ணை வீட்டில் தங்கினார். இறந்த குதிரைகளைக் கட்டித் தொங்கவிட்டு, தோல், தசை, நரம்பு, எலும்பு என்று ஒவ்வோர் அடுக்காக நீக்கி வரைந்தார். அவற்றைச் செப்புத் தகட்டில் செதுக்கித் தர ஆள் கிடைக்காதபோது, அவ்வேலையையும் தாமே செய்தார். 1766-இல் அது நூலாக வெளிவந்தது. அதற்குள் பிரபுக்கள் தங்கள் குதிரைகளையும் வேட்டை நாய்களையும் எழுதும்படி அவரை அழைக்கத் தொடங்கியிருந்தனர். 'விசில்ஜாக்கெட்' என்னும் பந்தயக் குதிரையை ஏறத்தாழ உயிரளவில் அவர் எழுதிய படம் லண்டன் தேசிய சித்திரசாலையில் இருக்கிறது. பின்னணியில் மரமில்லை, மலையில்லை, மனிதரில்லை. அந்த ஒரு குதிரை மட்டுமே நிற்கிறது.

நம் நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்புண்டு. சென்னையில் ஆளுநராயிருந்த ஜார்ஜ் பிகாட், இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு சிவிங்கிப் புலியைப் பரிசாக அளித்தார். 1764-இல் விண்ட்சர் அரண்மனைச் சோலையில் அதை ஒரு கலைமான் மீது ஏவிப் பார்த்தனர். மானோ எதிர்த்து நின்று, சிவிங்கியையே விரட்டிவிட்டது. அந்தச் சிவிங்கியையும், அதனுடன் இருந்த இரண்டு இந்தியரையும் ஸ்டப்ஸ் எழுதினார். ஒருவர் அதைப் பிடித்து நிறுத்த, மற்றவர் மானைச் சுட்டிக் காட்டுகிறார். அப்படம் இன்று இருப்பது மான்செஸ்டர் நகரச் சித்திரசாலையில். ஆலைத் துணியை அனுப்பி நம் கைத்தறியை நலிவித்த அதே மான்செஸ்டர்தான்!

இவ்விருவர் வரலாற்றிலிருந்தும் நாம் பெறும் முடிவு இது: ஆசான் இல்லாமல் கற்றவன் என்றால் ஆசானே இல்லாதவன் என்று பொருளன்று. வரையப்படும் பொருளே அவனுக்கு ஆசான். அந்த ஆசானிடம் எத்தனை நாள் போய் உட்கார்ந்தான் என்பதே கேள்வி. பழங்காநத்தத்துப் பையன் பிழை செய்தது கல்லூரிக்குப் போகாததால் அன்று. காளையின் வீட்டுக்குப் போகாததால்தான். மங்கலான படத்தில் திமில் தெரியும், கொம்பு தெரியும். காளையை வளர்த்தவர் தினமும் தடவிக் கொடுத்த நெற்றிச் சுழி தெரியுமா?

மாசியில் மீண்டும் சென்றபோது இதைச் சொன்னோம். பையனிடம் செலவுக் கணக்கும் கேட்டோம். அட்டைக்கும் வர்ணத்துக்கும் 90 ரூபாய். சிறு படத்துக்கு நான்கு மாலை வேலை. 200 ரூபாயில் அது போக எஞ்சுவது 110. ஒரு மாலைக்கு 27 ரூபாய் 50 காசு! அடக்க விலை தெரியாமல் கூலி பேசுவது தறிக்கும் ஆகாது, தூரிகைக்கும் ஆகாது. செலவையும் உழைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வந்து, அதைக் கொண்டு விலை நிர்ணயிக்க வேண்டும். பாதித் தொகையை முன்பணமாகப் பெற வேண்டும். வர்ணம் வாங்க வட்டிக்குக் கடன் வாங்கலாகாது. படம் சோறு போடும் நாள் வரை தறியை விடலாகாது என்று சொன்னோம். தந்தை முதலில் தயங்கினார். பிறகு, "பகல்ல தறி, சாயங்காலம் படம். அப்படின்னா சரி" என்று ஒப்புக்கொண்டார்.

மறுநாளே பையன் அந்த விவசாயியின் தொழுவத்துக்குப் போயிருக்கிறான். இறந்த காளையின் தாய்ப்பசு அங்கே நின்றது. அதே செவலை நிறம், அதே முகவெட்டு. பசுவின் நெற்றியில் விரலை வைத்து, "இங்க இல்ல, இதுக்கு ரெண்டு விரக்கடை மேல" என்று சுழியின் இடத்தை அவர் காட்டினாராம். அலைதாடி எப்படி ஆடும், ஆளைக் கண்டால் எந்தக் காதை முதலில் திருப்பும் என்றெல்லாம் பேசிக்கொண்டே இருந்தாராம். ஆறு மாலை அங்கே போய் உட்கார்ந்த பிறகே பையன் புதிய அட்டையை எடுத்தான்.

பங்குனியில் படம் முடிந்தது. விவசாயி நெடுநேரம் பார்த்தார். நெற்றிச் சுழியின்மேல் விரலை வைத்தார். "இடக்கொம்பு இன்னும் கொஞ்சம் விரிஞ்சிருக்கும்" என்றார். ஆனால் திருத்தித் தரும்படி கேட்கவில்லை. மேல்துண்டில் சுற்றி, படத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பையன் கூடுதலாகப் பணம் கேட்கவுமில்லை.

நம் அங்கத்தினர் வீடுகளில் இப்படி எத்தனையோ பிள்ளைகள் இருக்கலாம். சுவரில் கிறுக்குகிறான் என்று கடிந்துகொள்ளுமுன், அவன் எதைப் பார்த்து, எவ்வளவு நேரம் பார்த்து வரைகிறான் என்பதைச் சற்றே நின்று கவனியுங்கள். பொறுமையாகப் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு ஒரு நோட்டும் பென்சிலும் வாங்கித் தருவது வீண் செலவாகாது.