விளம்பரம் முடிந்தது, இனி உறக்கம்!

விளம்பரத்தைப் பார்த்து முடித்ததும் குழந்தைகள் உறங்கச் சென்ற நாடு ஒன்று உண்டென்றால் நமக்கு வியப்பாக இருக்கும். இத்தாலியில் இருபது ஆண்டுகளாக அதுவே வழக்கம்.

1957 பிப்ரவரி 3-ஆம் நாள் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியில் 'கரொசெல்லோ' என்ற விளம்பர நிகழ்ச்சி தொடங்கிற்று. குடை இராட்டினம் என்பது அதன் பொருள். இரவு ஒன்பது மணியளவில் அது முடியும், "இனிப் படுக்கைக்கு!" என்பாள் தாய். மறுப்பேச்சு இராது.

அந்நிகழ்ச்சிக்குக் கடுமையான விதிகள் இருந்தன. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ இரண்டேகால் நிமிடம். அதில் பெரும்பகுதி கதையாகவோ பாட்டாகவோ இருத்தல் வேண்டும். விற்கும் பொருளை இறுதி அரை நிமிடத்தில் மட்டுமே புகழலாம். ஒரு முறை காட்டிய படத்தை மறுமுறை காட்டலாகாது. ஆகவே கலைஞர்கள் நாள்தோறும் புதுமை தேடினர்.

1965-இல் லவாசா நிறுவனத்தின் பவுலிஸ்தா காப்பிக்காக, தூரின் நகரத்து ஓவியர் ஆர்மாந்தோ தெஸ்தா இரு பொம்மைகளைப் படைத்தார். ஒன்று, தொப்பியணிந்த மர்ம வீரன். மற்றொன்று, அவன் தேடியலையும் கார்மென்சீத்தா என்னும் சடைப்பின்னல் நங்கை. இரண்டும் வெறும் கூம்புகளே! சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் நகர்த்தி ஒரு படம் என எடுத்து ஓட்டியபோது அவை உயிர்பெற்று உலவின.

பெரிய வெள்ளியன்றும், நவம்பர் 2-ஆம் நாள் இறந்த விசுவாசிகளின் நினைவு நாளன்றும் கரொசெல்லோ கிடையாது. 1958-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதரும், 1963-இல் 23-ஆம் அருளப்பரும் இறந்தபோதும் இராட்டினம் நின்றது. வணிகமும் வாய்மூடி நிற்க வேண்டிய வேளைகள் உண்டென அந்நாடு அறிந்திருந்தது.

எனினும் அதனை அளவுமீறிப் புகழ வேண்டுவதில்லை. கதையின் நோக்கம் விற்பனையே. இரவில் கதை கேட்ட குழந்தை, காலையில் கடைவாயிலில் பொருளைக் கேட்டது. ஆனால் அந்த ஆசைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் இருந்தன.

1977 ஜனவரி 1-ஆம் நாளோடு கரொசெல்லோ மறைந்தது. கதை சொல்லப் பொறுமையற்ற குறும் விளம்பரங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. அவை திரும்பத் திரும்ப வந்தன. இன்றோ நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைப்பேசியில் தின்பண்ட விளம்பரத்திற்கு நேரமும் இல்லை, ஓய்வும் இல்லை. சோறூட்டும்போதும் அது பேசுகிறது. செபவேளையிலும் அது ஒளிர்கிறது.

அன்று எல்லையை வகுத்தது தொலைக்காட்சி நிலையம். இன்று அதனை வகுக்க வேண்டியவர் பெற்றோராகிய நாமன்றோ? "போதும், இனி உறங்கு" என்று சொல்லவும், சொன்ன பின் நம் கைப்பேசியையும் கீழே வைக்கவும் நாம் ஆயத்தமா?