கிழியாத பாய்க்குச் சந்தை இல்லை

கோவையில் பொறியியல் படிக்கும் வாசகர் ஒருவர் போன மாதம் நீண்ட கடிதம் எழுதியிருந்தார். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து இணையத்தில் பாய்மரக் கப்பல் விளையாட்டு ஒன்றைச் செய்திருக்கிறார்கள். தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றிப் போய் விற்கலாம். விலையை விளையாடுகிறவர்களே வைத்துக்கொள்ளலாம். விடுதியில் நூறு பேர் இரவு பகல் பாராமல் விளையாடினார்களாம். "ஆறே வாரத்தில் எல்லாரிடமும் கப்பல், எல்லார் கையிலும் பணம். கிடங்குகள் நிரம்பி வழிகின்றன. வாங்கத்தான் ஆள் இல்லை. துறைமுகம் வெறிச்சோடிவிட்டது. எங்கே தப்பு செய்தோம் ஐயா?" என்று கேட்கிறார்.

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் நெடுநாள் காத்திருந்தேன். இணைய விளையாட்டு என்றால் என்ன, ஊர் ஊராய் இருப்பவர்கள் ஒரே கடலில் எப்படிச் சந்திக்கிறார்கள் என்பதெல்லாம் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதனால் நேரே கடைத்தெருவுக்குப் போய்விடுகிறேன்.

2003 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த திரீ ரிங்ஸ் நிறுவனம் 'பசில் பைரேட்ஸ்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டை வெளியிட்டது. கப்பலுக்குள் ஏறும் தண்ணீரை இறைப்பது, ஓட்டையைப் பலகை வைத்து அடைப்பது, பாயை இழுத்துக் கட்டுவது, வாள் சுழற்றுவது எல்லாமே அதில் சின்னச் சின்னப் புதிர்கள். தண்ணீர் இறைப்பவர் அசந்தால் கப்பலின் வேகம் குறையும். இது பலருக்குத் தெரிந்த கதை. அதன் கடைத்தெருவைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் குறைவு.

ஒரு தீவில் இரும்பு கிடைக்கும், இன்னொன்றில் சணல், வேறொன்றில் கரும்பு. சாயத்துக்கு வேண்டிய அவுரியும் மஞ்சிட்டியும் எங்கோ ஒரு மூலையில். எந்தச் சரக்கும் தானாக நகராது. ஒருவர் தன் கப்பலில் ஏற்றிக்கொண்டு, வழியில் கொள்ளையரிடம் தப்பித்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். வந்த சணல் நெசவுக்கூடத்தில் துணியாகி, சாயம் ஏறி, தையல் கடைக்குப் போகும். இரும்பு பட்டறையில் வாளாகவும் பீரங்கிக் குண்டாகவும் மாறும். கரும்பு ரம்மாகும். ரம் தீர்ந்துபோனால் மாலுமிகளின் கை மந்தமாகிவிடும் என்பதால் அது இல்லாமல் யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். இந்தக் கடைகளுக்கெல்லாம் முதலாளிகள் விளையாடுகிறவர்களே. விலையும் கூலியும் அவர்கள் வைப்பதுதான்.

வேலையாட்களும் விளையாடுகிறவர்களே. கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் அவர் பெயரில் உழைப்பு மணிநேரம் கடைக்குச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் பெயர் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தத் தொழிலுக்குரிய புதிரை அவர் அண்மையில் ஆடியிருக்க வேண்டும். எவ்வளவு நன்றாக ஆடினாரோ அதற்கேற்ப அவருடைய உழைப்பு சாதாரணம், தேர்ச்சி, வல்லுநர் என்று தரம் பிரியும். கொல்லனைக் கொல்லனாக மதிக்கும் ஏற்பாடு இது.

இத்தனையும் அழகுதான். என் மனத்தைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. அந்த உலகத்தில் வாங்கிய வாளும் உடுத்திய சட்டையும் நாள்பட நாள்பட நைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒருநாள் தூசியாகிவிடும். கள்வன் எடுக்கவில்லை, போரில் உடையவில்லை. ஆயுள் முடிந்தது, அவ்வளவுதான். அந்த விளையாட்டுக்காரர்கள் 'தூசியாகிவிட்டது' என்றே சொல்வார்கள். ஆசை ஆசையாய்ச் சாயம் தேர்ந்து தைத்துக்கொண்ட மேலங்கி தூசியாகும்போது மனம் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தூசியில்தான் முழுக் கடைத்தெருவும் உயிரோடு இருந்தது.

எனக்கு இது புரிய நேரமாகவில்லை. நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். என் அப்பா ஒரு தோணி முதலாளியிடம் கணக்கு எழுதினார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் வெங்காயமும் பருப்பும் ஏற்றிப் போகும் தோணிகள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், பூவரசு நிழலில் பாய் தைப்பவர் உட்கார்ந்திருப்பார். பழுப்பேறிய பாயை மடியிலிருந்து மணல்வரை விரித்துப் போட்டு, விரல் நீள ஊசியால் தைத்துக்கொண்டிருப்பார். கிழிசலின் ஓரத்தை உள்ளே மடித்து, புதுத் துணியை மேலே வைத்து, உள்ளங்கையில் கட்டிய தோலால் ஊசியின் தலையை அழுத்துவார். 'பொதுக்' என்று ஊசி இறங்கும். நூலை முழங்கையளவு இழுத்து, மெழுகில் ஒருமுறை தேய்த்து, மறுபடியும் குத்துவார். பழுப்புப் பாயில் வெள்ளை ஒட்டு தூரத்திலிருந்தே தெரியும்.

ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டும் தாங்காத பாய் கப்பலை விட்டு இறங்கும். அப்போதும் அதன் வேலை முடியாது. முதலில் சரக்கு மூட்டைகளுக்கு மூடுதுணியாகும். அதற்கும் தாங்காதபோது டீக்கடை வாசலில் நிழல் தரும். கடைசியில் தளம் துடைக்கும் கந்தலாகும். பாய்த்துணி விற்றவர், நூல் விற்றவர், தைத்தவர், தைத்தவருக்கு டீ கொடுத்தவர் என்று அந்த ஒரு பாய் கிழிந்ததால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிந்தது. அப்பாவின் பேரேட்டில் இதற்கென்றே ஒரு தலைப்பு உண்டு: தேய்மானம். நஷ்டத்தை ஏன் இவ்வளவு அழகான கையெழுத்தில் எழுதுகிறீர்கள் என்று சின்ன வயதில் கேட்டேன். "நமக்கு நஷ்டம். ஊருக்கு அது வேலைடா" என்றார்.

கடிதம் எழுதிய தம்பியின் விளையாட்டில் பாய் கிழிவதில்லை. ஒருமுறை கப்பல் வாங்கினால் ஆயுளுக்கும் போதும். நூறு பேருக்கும் கப்பல் கிடைத்த அன்றே கப்பல் கட்டுபவரின் பிழைப்பு முடிந்தது. அவரோடு மரம் கொண்டுவருபவரும், கயிறு திரிப்பவரும், இரும்பு ஏற்றிவருபவரும் முடிந்தார்கள். ஆறு வாரம் தாங்கியதே பெரிது.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுந்திருக்கின்றன. 1997இல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' என்ற விளையாட்டில் உலகத்திலுள்ள கம்பளி, இரும்பு, இறைச்சி எல்லாவற்றுக்கும் ஒரு மொத்த அளவை வைத்தார்கள். ஒரு பொருள் பயன்பட்டு அழிந்தால் அந்த அளவு மண்ணுக்குத் திரும்பும். அதிலிருந்து புதிய ஆடு பிறக்கும், புதிய தாது முளைக்கும். காகிதத்தில் குறையில்லாத சுழற்சி. ஆனால் ஆட்கள் சட்டையைத் தைத்துத் தைத்துப் பெட்டியில் அடுக்கிவைத்தார்கள். தைக்கத் தைக்கக் கைத்திறன் ஏறும் என்பதால் தேவையில்லாவிட்டாலும் தைத்தார்கள். பெட்டியில் கிடக்கும் சட்டை அழிவதில்லை. அதனால் ஆடும் பிறக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் அந்தச் சுழற்சியையே கைவிட வேண்டிவந்தது. அங்கே நடந்ததை ஜாகரி பூத் சிம்ப்சன் என்பவர் பிறகு விரிவாக எழுதிவைத்தார். விளையாட்டுச் சந்தை அமைக்க நினைக்கும் எவரும் படிக்க வேண்டிய பாடம் அது.

தேய்மானத்துக்கு அடுத்தது தூரம். இரும்பு கிடைக்கும் தீவில் அது மலிவு, பட்டறை இருக்கும் தீவில் விலை அதிகம். இடையிலுள்ள கடல்தான் வியாபாரியின் சம்பளம். எல்லாத் தீவின் விலையும் எல்லாருக்கும் தெரிந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே வாங்கி விற்கலாம் என்று வசதி செய்துவிட்டால் கடல் வெறும் படமாகிவிடும்.

நிஜ உலகில் விலை தெரிவது நல்லது. அதில் எனக்கு ஐயமில்லை. கேரளக் கரையில் 1997 முதல் 2001 வரை செல்பேசி வந்தபோது மத்தி மீன் விலைக்கு என்ன ஆயிற்று என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ஒரு கரையில் மீன் அழுகிக் கொட்டப்பட, பக்கத்துக் கரையில் மீனே இல்லாத கொடுமை நீங்கியது. மீனவர் லாபம் கூடியது, வாங்குகிறவருக்கு விலையும் குறைந்தது. ஆனால் அங்கேயும் படகு ஓடித்தான் ஆக வேண்டியிருந்தது. பேசியது செல்பேசி, சுமந்தது படகு. பசில் பைரேட்ஸில் ஆட்களே தீவு தீவாய் விலை திரட்டும் கருவிகளை எழுதிக்கொண்டார்கள். அது அவர்கள் உழைப்பு, பாராட்டலாம். விலை தெரிந்த பிறகும் சரக்கு கப்பலில்தான் போக வேண்டும் என்ற விதி மட்டும் தளரவே கூடாது.

மூன்றாவது பணம். கொள்ளையர் கப்பலை வென்றால் பணம் கிடைக்கும் என்கிறோம். அந்தப் பணம் யாருடைய பையிலிருந்தும் வரவில்லை. அந்த நொடியில் புதிதாய்ப் பிறக்கிறது. ஊற்று இருக்கும் இடத்தில் வடிகாலும் இருக்க வேண்டும். வாடகை, வரி, துறைமுகக் கட்டணம் என்று ஏதோ ஒரு வழியில் அது உலகத்தை விட்டு வெளியேறாவிட்டால் விலைவாசி ஏறும், புதிதாய் வருபவர் ஒரு கத்திகூட வாங்க முடியாது.

இதில் திரீ ரிங்ஸ் செய்த ஒரு காரியம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 2005இல் அவர்கள் டபுளூன் என்ற இரண்டாவது நாணயத்தைக் கொண்டுவந்தார்கள். நிஜக் காசுக்கு விற்றது டபுளூனை மட்டும்தான். விளையாட்டின் வெள்ளி நாணயத்தை விற்கவில்லை. காசு கொடுத்து டபுளூன் வாங்கியவர், வெள்ளி வேண்டுமென்றால் அதை நாள் முழுக்க உழைத்துச் சேர்த்த இன்னொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்று விலையை அவர்களே பேசிக்கொள்வார்கள். காசுள்ளவருக்கு வெள்ளி கிடைத்தது. நேரமுள்ளவருக்கு, கையில் காசில்லாத மாணவருக்கு, டபுளூன் கிடைத்தது. உலகத்தில் ஒரு வெள்ளிகூடப் புதிதாய்ப் பிறக்கவில்லை. பொருள் வாங்கும்போது கட்டணமாகக் கொடுத்த டபுளூனும் அப்படியே மறைந்துபோகும்.

இன்று பல நிறுவனங்கள் இந்த நிதானத்தை மறந்துவிட்டன. மிகச் சிறந்த வாளை நிறுவனத்தின் கடையிலேயே நிஜக் காசுக்கு விற்கிறார்கள். அது தேயாது, உடையாது. அந்த ஒரு விற்பனையில் ஒரு கொல்லனின் கடை மூடப்படுகிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. 'டயாப்லோ 3' விளையாட்டில் 2012இல் நிஜப் பண ஏலக்கூடம் திறந்தார்கள். போரிட்டுச் சம்பாதிக்க வேண்டியதை ஏலத்தில் எடுப்பதே எளிதாகிப்போனது. விளையாட்டின் சுவையே கெடுகிறது என்று கண்டு, 2014 மார்ச்சில் தயாரிப்பாளர்களே அதை மூடினார்கள். மூடிய துணிவை மதிக்கிறேன்.

தேய வேண்டும் என்பதை, சீக்கிரம் குப்பையாக வேண்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நாலு நாளில் கிழியும் பாய் வியாபாரத்தை வளர்க்காது, வெறுப்பைத்தான் வளர்க்கும். பழகிப் பிரியம் வைக்கும் அளவுக்குப் பொருள் உழைக்க வேண்டும். பழுதானால் தைத்துக் கொடுக்க ஒருவர் இருக்க வேண்டும். நம் வீடுகளிலும் மிக்சி ரிப்பேர் செய்பவர், குடை தைப்பவர் என்று ஒவ்வொருவராய்த் தெருவை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தேய்ந்ததைத் தூக்கி எறிவது வேறு, தேய்ந்ததைத் தேற்றுவது வேறு. முன்னதில் குப்பை மிஞ்சும். பின்னதில் ஒரு தொழில் மிஞ்சும்.

தம்பி, இருக்கிற எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்காதீர்கள். நூறு பேரின் உழைப்பு அது. முதலில் பாயும் கயிறும் மெல்ல மெல்ல நையட்டும். தைக்கும் கலையை ஒரு புதிராகச் செய்து, அதில் தேர்ந்தவருக்கு நல்ல கூலி கிடைக்க வழி செய்யுங்கள். ஒரு தீவின் சரக்கை மற்றொரு தீவிலிருந்து விற்கும் வசதி இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒவ்வோர் இரவும் எவ்வளவு பணம் பிறந்தது, எவ்வளவு மறைந்தது என்று எழுதிவையுங்கள். 'ஈவ் ஆன்லைன்' நடத்தும் ஐஸ்லாந்து நிறுவனம் 2007இல் இதற்கென்றே எய்யோல்ஃபுர் குட்முண்ட்சன் என்ற பொருளியலாளரை வேலைக்கு வைத்தது. உங்களுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பேரேடும், அதை நாள் தவறாமல் எழுத ஒரு நண்பரும் போதும். தேய்மானத்துக்கு அதில் தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடியும் எழுதுங்கள். எத்தனை பேர் பணக்காரர் ஆனார்கள் என்பது எனக்கு வேண்டாம். உங்கள் துறைமுகத்தில் பாய் தைப்பவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள்.