தாய்லாந்துக் கஞ்சாவும் நம்மூர் நிலமும்

பொத்தேரி, மறைமலைநகர் வட்டாரத்துச் சிறு விவசாயிகள் சிலர் அண்மைக் காலமாக ஒரு கேள்வியைக் கேட்டு வருகின்றனர். "தாய்லாந்தில் கஞ்சாவுக்குத் தடை நீங்கிவிட்டதாமே, கோவளம், மாமல்லபுரத்துக்கு வெளிநாட்டார் நிறைய வருகிறார்களே, நாமும் போட்டால் என்ன?" என்பதே அது. ஏக்கருக்கு இத்தனை லட்சம் என்று சொல்லிக் குத்தகை பேச வருவோரும் உண்டாம்.

தாய்லாந்தில் நடந்ததை முழுமையாகத் தெரிந்துகொள்வது நல்லது. 2022 ஜூன் 9-ல் அந்நாடு போதைப் பொருள் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. வீடுகளுக்கு 10 லட்சம் செடிகள் இலவசமாகத் தரப்படும் என்றும் அரசு அறிவித்தது. புக்கெட், பட்டாயா போன்ற கடற்கரை ஊர்களில் ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. சுற்றுலாப் பயணிகள் தேநீர் வாங்குவதுபோல் வாங்கினார்கள். ஆனால் பொது இடத்தில் புகைப்பது அப்போதும் குற்றமே.

விவசாயிக்குக் கிடைத்தது என்ன? எல்லோரும் ஒரே சமயத்தில் பயிரிட்டதால் சரக்கு மிகுந்தது. வெளிநாட்டுச் சரக்கும் கள்ளத்தனமாக வந்து இறங்கியது. விலை சரிந்தது. தக்காளியில் நாம் காணும் கதைதான்! 2025 ஜூன் இறுதியில் அரசு மீண்டும் பிடியை இறுக்கியது. மருத்துவச் சீட்டு இல்லாமல் பூவை விற்கக்கூடாது, தரச் சான்று பெற்ற பண்ணைகளிலிருந்தே கடைகள் வாங்கவேண்டும் என்றது. அத்தகைய சான்று பெறுவது சிறு விவசாயிக்கு எளிதன்று. கடைக்காரர் பலகையை மாற்றிக்கொள்ளலாம். செடிக்குக் கடன் வாங்கியவர் என்ன செய்வார்?

அங்கே கடையில் வாங்கியதை இங்கே கொண்டுவருவதும் கடத்தலே. பாங்காக்கிலிருந்து வந்தவர்களிடம் மண்ணில்லாமல் வளர்த்த கஞ்சா சிக்கியதாக மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அடிக்கடி செய்தி வருவதை நீங்களும் படித்திருப்பீர்கள்.

நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. அனுமதியின்றிக் கஞ்சா பயிரிட்டால் 10 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளியூரில் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்: தம் நிலத்தில் கஞ்சா பயிராவது தெரிந்தால் நிலத்துக்குரியவர் உடனே போலீசுக்குத் தெரிவிக்கவேண்டும். தெரிந்தும் சொல்லாமலிருந்தால் அவரும் தண்டனைக்கு உள்ளாவார். ஆகவே தோப்போ தோட்டமோ குத்தகைக்கு விடும்போது என்ன பயிர் என்பதைப் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள்.

நாருக்கும் விதைக்குமாகப் பயிரிட அரசு அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் சொல்வது உண்மை. உத்தராகண்ட் 2018-ல் அப்படி உரிமம் வழங்கியது. 2021-ல் இவ்விதையும் எண்ணெயும் உணவுப் பொருளாக ஏற்கப்பட்டன. ஆனால் அது போதைச் சத்து மிகக் குறைந்த வேறு இரகம். அந்த உரிமத்தைக் காட்டி இங்கே விதை விற்க வருபவரிடம் ஏமாறவேண்டாம். கம்பெனித் தாள் அரசு அனுமதி ஆகாது.

பெயராலும் குழப்பம் உண்டு. பசுந்தாள் உரத்துக்கு நாம் விதைக்கும் சணப்பை பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. கஞ்சாவுக்கும் அதற்கும் உறவில்லை. புளிச்சையின் இலை மட்டும் பார்வைக்குக் கஞ்சா இலையை ஒத்திருக்கும். ஆனால் அது வெண்டையின் இனம். வரப்பில் அதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. வாயில் போட்டால் புளிக்கும்!

புதிய விதை எதையும் வாங்குமுன் காட்டாங்கொளத்தூர் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளலாம்.