அழுவோரின் அருகில்



நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் மாதம். 2 ஆம் திகதி நாம் சேமக்காலைக்குச் செல்கிறோம். புல்லைச் செதுக்கி, கல்லறையைக் கழுவி, மெழுகுதிரி ஏற்றுகிறோம். குருவானவர் வந்து மந்திரிக்கிறார். பூசைக் கருத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிறோம். மரித்தவருக்காக நாம் செய்வன பல. ஆனால் ஒருவர் வைத்தியசாலைக் கட்டிலில் கண் மூடிய நேரத்திற்கும் அவரது உடல் வீட்டுக்கு வந்து சேரும் நேரத்திற்கும் இடைப்பட்ட சில மணி நேரத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தச் சில மணி நேரத்தில் விறாந்தையில் நிற்கும் மனைவிக்கு, தாய்க்கு, மகனுக்கு யார் துணை?

பிரித்தானியா போன்ற நாடுகளின் வைத்தியசாலைகளில் இதற்கென்றே ஓர் அலுவலர் இருக்கிறார். மரணச் சான்றிதழுக்கு வழிகாட்டுவார். உடலைப் பார்க்க விரும்பும் உறவினரை அழைத்துச் செல்வார். இறந்தவரின் கைக்கடிகாரத்தையும் கண்ணாடியையும் பொறுப்பாக ஒப்படைப்பார். சில வாரங்கள் கழித்துத் தொலைபேசியில் நலம் விசாரிப்பார். நம் நாட்டில் அந்தப் பெயரில் ஒரு பதவியைக் காண்பது அரிது. எனினும் அந்தப் பணி நடக்காமல் இல்லை. அதைத் தாதி செய்கிறார், சிற்றூழியர் செய்கிறார், உளநலப் பிரிவினர் செய்கின்றனர், நோயாளரைச் சந்திக்க வரும் அருட்சகோதரி செய்கிறார். பல வேளைகளில் அடுத்த கட்டில் நோயாளியின் உறவினரே செய்கிறார். இப்பணி எத்துணை கனமானது என்பதை அறிய, கல்முனைக் கரையோரத்தை நோக்கிச் செல்வோம்.

2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவழிபாட்டு நாள்காட்டியில் அன்று திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி, கனவில் எச்சரிக்கப்பட்ட யோசேப்பு குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய பகுதி. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் 13 முதல் 15 வரையும், பின்னர் 19 முதல் 23 வரையும் உள்ள வசனங்கள். நடுவிலுள்ள மூன்று வசனங்கள் அன்றைய வாசகத்தில் இல்லை. மாசில்லாக் குழந்தைகள் கொல்லப்பட்டதையும், ஆறுதல் பெற மறுத்து அழுத இராக்கேலையும் பற்றிய வசனங்கள் அவை. திருச்சபை அவற்றை டிசெம்பர் 28 க்கென்று வைத்திருக்கிறது. அந்த ஆண்டு இராக்கேலின் அழுகை இரண்டு நாள் முந்தி வந்துவிட்டது.

பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் ஊர்கள் அவை. தமிழ் ஊர் எங்கே முடிகிறது, முஸ்லிம் ஊர் எங்கே தொடங்குகிறது என்று அயலூரார் கேட்டறிய வேண்டும். அலை கேட்கவில்லை. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. 10,000 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு இடிபாட்டுக்குள்ளிருந்து மீட்கப்பட்ட ஓர் ஆண் கைக்குழந்தை கொண்டுவரப்பட்டது. பெயர் தெரியாது, கூட வந்தவர் எவருமில்லை. அனுமதிப் பதிவின்படி 81 ஆவது நோயாளி. அந்த இலக்கமே அதற்குப் பெயராகி உலகெங்கும் பரவியது. தாதியர் முறைவைத்து அதைத் தூக்கி வளர்த்தனர். ஒன்பது தாய்மார் அதைத் தம் பிள்ளை என்று உரிமை கோரியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் முறைப்படி நீதிமன்றத்தை நாடியது ஒரேயொரு தம்பதிதான். மரபணுச் சோதனைக்கு ஆணையிடப்பட்டது. முடிவுக்காகக் காத்திருக்க இயலாமல் அப்பெற்றோர் வைத்தியசாலைக்குள் சென்று குழந்தையைத் தூக்க முயன்று, பொலிஸாரால் தடுத்து வைக்கப்பட்டதும் அந்நாள்களில் செய்தியாயிற்று. 2005 பெப்ரவரி நடுப்பகுதியில் சோதனை முடிவு வந்தது, குழந்தை அவர்களுடையதே. பெற்றோர் கையில் அது ஒப்படைக்கப்பட்டது.

சாலமோன் மன்னனின் தீர்ப்பை இதனோடு ஒப்பிட்டுப் பேசியவர் பலர். எனக்கோ அந்த ஒப்பீடு அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை. சாலமோன் முன் நின்றவர்களுள் ஒருத்தி பொய் சொன்னாள். கல்முனையில் குழந்தையைப் பார்க்க வந்து நின்ற தாய்மாரை அவ்வாறு கூற முடியுமா? பிள்ளையின் உடல் கிடைக்காத தாய், உயிரோடிருக்கும் எந்தக் குழந்தையின் முகத்திலும் தன் பிள்ளையைத் தேடுவாள். அது பொய்யல்ல, புத்திர சோகம். சட்டம் தன் கடமையைச் செய்தது, சோதனை தேவையானதே. ஆனால் சட்டம் விடை சொல்ல எடுத்த ஏழு வாரங்களில் அந்தத் தாயின் அருகில் அமர்ந்து, "இன்று இன்னது நடக்கிறது, நாளை இன்னது நடக்கும்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். நாம் பேசும் பணி அதுவே.

உடல் கிடைக்காத குடும்பங்களின் நிலை இன்னும் கொடியது. உடலின்றி மரணச் சான்றிதழ் இல்லை. சான்றிதழின்றி வங்கிக் கணக்கில்லை, காணியில்லை, மறுவாழ்வு உதவியில்லை. இதற்காகவே 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சுனாமி விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. காணாமற்போனவரை இறந்தவராகப் பதிவு செய்ய அது வழி திறந்தது. ஆனால் விண்ணப்பத்தில் கையொப்பமிடும் கை யாருடையது? மனைவியுடையது. "என் கணவர் இறந்துவிட்டார்" என்று அவளே எழுத வேண்டும். பேனாவை எடுத்து வைத்துவிட்டு எழுந்து போகிறவளை வற்புறுத்தாமல், அடுத்த வாரமும் அதே கதிரையில் அவளுக்காகக் காத்திருப்பவரே நல்ல துணையாளர்.

வாசகர்களே, இழவு வீட்டில் நாம் என்ன பேசுகிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். "அழாதேயுங்கோ", "கடவுள் நல்லவர்களைச் சீக்கிரம் கூப்பிடுவார்", "இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்குதுகள்தானே" என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். யோபுவின் நண்பர்களும் நல்லெண்ணத்தோடுதான் வந்தார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் அமர்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஏழு நாளும் அவர்கள் நண்பர்கள். வாய் திறந்து காரணம் கூறத் தொடங்கியபோதுதான் யோபுவுக்குப் பாரமானார்கள். பெத்தானியாவில் ஆண்டவரைப் பாருங்கள். "நீர் இங்கே இருந்திருந்தால்" என்ற குறையை மார்த்தாவும் சொல்கிறாள், மரியாவும் சொல்கிறாள். அவர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. இன்னும் சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப் போவதை அறிந்திருந்தும் கண்ணீர் விட்டார்.

வைத்தியசாலைகளில் ஒரு பழக்கம் உண்டு. உயிர் பிரிந்த சில நிமிடங்களிலேயே மனிதர் "பொடி" ஆகிவிடுகிறார். "பொடியை எப்போது எடுக்கிறீர்கள்?" என்ற கேள்வி காதில் விழும்போது குடும்பம் குலுங்கிப் போகிறது. கேட்பவரிடம் தீய எண்ணமில்லை. அது தொழில் பேச்சு. பயிற்சி பெற்ற துணையாளர் அவ்வாறு சொல்லார். "அப்பாவை", "தங்கச்சியை" என்பார், பெயர் சொல்லுவார். அதேவேளை "போய்விட்டார்", "தூங்குகிறார்" என்று சுற்றி வளைக்காமல், இறந்துவிட்டார் என்பதைத் தெளிவாகவும் சொல்லுவார். சிறு பிள்ளைகளிடம் இது மிக அவசியம். தூங்குகிறார் என்று கேட்ட பிள்ளை அன்றிரவு தூங்க அஞ்சும்.

கல்முனை போன்ற ஊரில் இப்பணிக்கு இன்னோர் அறிவும் வேண்டும். அங்கே கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் ஒரே நகரில் இருக்கின்றன. முஸ்லிம் ஒருவர் மரணத் தறுவாயில் இருக்கும்போது உறவினர் கட்டிலைக் கிப்லாவை நோக்கித் திருப்ப விரும்புவர். அக்கரையோரத்தில் அது கடலுக்கு முதுகு காட்டும் திசை. காதருகில் கலிமா சொல்லுவர். மௌத்தான பின் ஜனாஸாவைத் தாமதமின்றி, கூடுமானால் அன்றே அடக்கம் செய்ய வேண்டும். எனவே திடீர் மரண விசாரணைக்கோ பிரேத பரிசோதனைக்கோ காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்குத் தனி வேதனை. அதிகாரி எப்போது வருவார் என்று விசாரித்து வந்து சொல்லுகிற ஒருவரே அவர்களுக்கு அவ்வேளையில் இறைத்தூதர் போன்றவர். இந்துக் குடும்பத்தாருக்கு வேறு முறை. தூர ஊரிலிருந்து மகன் வரும்வரை வைத்திருக்க வேண்டியிருக்கலாம்.

கத்தோலிக்கராகிய நமக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நோயில் பூசுதல் வாழ்வோருக்கான அருளடையாளம். "சாமியாரைக் கூப்பிட்டால் நோயாளி பயந்துவிடுவார்" என்று கடைசி மூச்சுவரை தாமதித்துவிட்டு, உயிர் பிரிந்த பின் அழைத்துக் குருவானவரைச் சங்கடப்படுத்துகிறோம். நோய் கடுமையாகும்போதே அழையுங்கள். இன்னொன்று, மகப்பேற்று விடுதி பற்றியது. பிறந்த கையோடு இறந்த சிசுவுக்காக அழும் தாயிடம், "ஞானஸ்நானம் இல்லாத பிள்ளை" என்று எவரும் முணுமுணுக்க வேண்டாம். திருமுழுக்குப் பெறச் செய்யப் பெற்றோர் எண்ணியிருந்து, அதற்குமுன் இறந்த குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு திருச்சபை அடக்கச் சடங்கு நடத்தலாம் என்பது திருச்சபைச் சட்டத்தின் 1183 ஆம் இலக்கம். அத்தகைய குழந்தைகளின் மீட்பை நம்பிக்கையோடு எதிர்நோக்கலாம் என்று அனைத்துலக இறையியல் ஆணைக்குழு 2007 இல் விளக்கமளித்தது. எத்தனையோ பாட்டிமார் இதை அறியாமலே தம் மருமக்களின் நெஞ்சில் கல்லை வைத்திருக்கிறார்கள்.

மட்டக்களப்பில் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் போன்றோர் 1996 இல் தொடக்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை நம் வாசகர் சிலர் அறிந்திருப்பர். போரில் துயருற்ற தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கே சேர்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், விளையாடினார்கள். துயரத்தைப் பேச வைக்கும் முன் கூட இருக்க வேண்டும் என்ற பாடம் கிழக்கு மண்ணுக்குப் புதிதல்ல.

இனிச் சொல்லவிருப்பது எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் கடினமானது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் ஆலயங்களில் நம்மவர் மாண்டனர். விடுதிகளில் இறந்தோரையும் சேர்த்து 250 இற்கும் மேற்பட்ட உயிர்கள். சீயோனில் மாண்டவருள் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் பலர். ஐந்து நாளின் பின், ஏப்ரல் 26 இரவு, கல்முனையை அடுத்த சாய்ந்தமருதில் ஒரு வீட்டில் அக்குற்றவாளிகளைச் சேர்ந்தோர் பதுங்கியிருந்தனர். பொலிஸாருக்குத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் முஸ்லிம்களே. சுற்றிவளைப்பின்போது அவ்வீட்டார் தம்மையே வெடிக்க வைத்தனர். ஆறு பிள்ளைகளும் மாண்டனர். காயங்களோடு பிழைத்த ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் அம்பாறை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டனர்.

அந்தச் சிறுமியின் காயத்துக்கு மருந்து கட்டிய தாதி யார் என்று நமக்குத் தெரியாது. அவர் நம் பங்கைச் சேர்ந்த ஒருவராய் இருந்திருந்தால்? கொச்சிக்கடையில் தன் உறவினரை இழந்தவராய் இருந்திருந்தால்? அந்த ஆறு பிள்ளைகளுக்காக அழ நமக்கு மனம் வருகிறதா? உடனே "ஆம்" என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். அன்றைய நாள்களில் எனக்கும் வரவில்லை. பெத்லகேமின் பிள்ளைகளுக்கு விழா எடுக்கும் திருச்சபை, அவர்களின் பெற்றோர் யாரென்று விசாரிப்பதில்லை என்பது மட்டும் பின்னர் நினைவுக்கு வந்தது.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்தோர் அனைவரும் தகனம் செய்யப்பட வேண்டும் என்று வர்த்தமானி வெளியாயிற்று. அடக்கம் செய்வதில் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்தும், இங்கே தடை நீடித்தது. டிசெம்பரில் கொழும்பில் பிறந்து 20 நாளேயான முஸ்லிம் குழந்தையொன்றின் உடல், பெற்றோரின் சம்மதமின்றித் தகனம் செய்யப்பட்டது. பொரளை மயான வேலியில் பல சமயத்தவரும் வந்து வெள்ளைத் துணி கட்டினர். 2021 பெப்ரவரி இறுதியில் தடை நீங்கி, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. 3,000 இற்கும் மேற்பட்டோர் அங்கே உறங்குகின்றனர். அவர்களுள் இந்துக்களும் பௌத்தரும் கிறிஸ்தவரும் உள்ளனர். 2024 இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

அந்நாள்களில் தோபித்து நூலை எடுத்து வாசித்தவர் எத்தனை பேரோ! நினிவேயில், அரசன் கொன்று எறிந்த தம் இனத்தாரின் உடல்களைத் திருட்டுத்தனமாய் எடுத்து அடக்கம் செய்தவர் தோபித்து. அதற்காகச் சொத்தை இழந்து தலைமறைவானார். திரும்பி வந்த பின் ஒரு பெந்தக்கோஸ்து விருந்தன்று, சந்தையில் ஓர் உடல் கிடக்கிறது என்று மகன் வந்து சொன்னதும், வாயில் வைக்கும் முன்பே உணவை விட்டு எழுந்து ஓடினார். அயலார் நகைத்தனர். அன்றிரவு முற்றத்துச் சுவரோரம் படுத்திருந்தவரின் கண்ணில் குருவியின் எச்சம் விழுந்து பார்வை போயிற்று. மரித்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஏழாவதாக எண்ணி மனப்பாடம் செய்த நாம், அதைச் செய்தவர் குருடரானதை மறந்துவிடுகிறோம். நாள்தோறும் பிறர் துயரைச் சுமப்பவருக்கும் இதுவே நேர்கிறது. இரவில் உறக்கம் வராது. வீட்டில் எரிந்து விழுவார். ஒருநாள் எந்த மரணமும் அவரைத் தொடாமல் போகும். அவருக்கும் ஒரு தோபியா வேண்டும்; வழித்துணையாய் ஓர் இரபேல் வேண்டும். 2004 இல் கல்முனையில் பணியில் நின்ற தாதியரும் சிற்றூழியரும் அதே கரையோரத்து மக்களே. அவர்களைத் தேற்ற யார் சென்றனர்?

இம்மாதம் பூசைக் கருத்துக்குப் பெயர்கள் எழுத உட்காரும்போது, உங்கள் வீட்டுத் துயர நாளை நினைத்துப் பாருங்கள். வைத்தியசாலை விறாந்தையில் உங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தவர், பாரங்களை நிரப்பிக் கொடுத்தவர், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றவர் யார்? அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா?