வலையைப் பார்த்துக் குடும்பம் சொல்லலாமா?

மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போனால், வரப்போரத்து வேலிக்காத்தான் புதர் பக்கத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். முள்ளுக்கு முள் வலை கட்டியிருக்கும். உப்பு வாரும் எங்க ஆளுங்களுக்கு எல்லாமே எட்டுக்கால் பூச்சிதான். உண்மையில் சிலந்தி பூச்சியே அல்ல. பூச்சிக்கு ஆறு கால்.

வட்ட வலை பின்னும் சிலந்திகளில் பெரிய குடும்பம் 'அரனீடே'. சுவீடன் நாட்டு கார்ல் கிளர்க் 1757-இல் வெளியிட்ட சிலந்தி நூலிலிருந்து இதன் வரலாறு தொடங்குகிறது. இன்று 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள். இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள். ஒவ்வொரு கால் நுனியிலும் மூன்று நகங்கள். நடு நகம்தான் நூலைப் பிடிக்க.

வலை கட்டும் விதம் நம்ம சிவில் மாணவர்களுக்குப் பிடிக்கும். முதலில் சக்கரத்து ஆரம் போல ஒட்டாத நூல்கள். அதன்மேல் நடுவிலிருந்து வெளியே ஒரு தற்காலிகச் சுருள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறோமே, அதேதான்! பிறகு வெளியிலிருந்து உள்ளே பசை நூலைச் சுற்றிக்கொண்டே சாரத்தைப் பிரித்துவிடும். டி-ஸ்கொயரும் இல்லை, காம்பஸும் இல்லை.

அப்படியானால் வட்ட வலை கட்டுவதெல்லாம் அரனீடேயா? இல்லை. நீரோரப் புல்லில் குச்சி மாதிரி நீட்டிப் படுத்திருக்கும் 'டெட்ராக்னாதா'வும் வட்ட வலைதான் கட்டும். நீண்ட தாடையால் அது வேறு குடும்பம். 'உலோபோரிடே' குடும்பத்துக்கோ விஷச் சுரப்பியே கிடையாது. மாறாக, முட்புதரில் கூடாரம் போல, பசையே இல்லாமல் நெருக்கமாகப் பின்னும் 'சிர்ட்டோபோரா' சுத்தமான அரனீடே! மேலே குறுக்கும் நெடுக்குமான நூலில் மோதும் பூச்சி கீழே கூடாரத்தில் விழும். வலை நடுவே பெருக்கல் குறி போட்டு உட்காரும் 'ஆர்ஜியோப்' இதற்குச் சொந்தம்தான். ஆக, வலை ஒரு துப்பு மட்டுமே. தீர்ப்பு சொல்வது உடம்பு.

இந்த வகைப்பாடு நமக்கு எதற்கு என்கிறீர்களா? எங்க ஆயாவுக்கு இடுப்பில் அக்கி வந்தது. "எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிடுச்சுடா" என்று சொல்லி, காவி பூசியே ஒரு வாரம் போனது. அக்கி என்று நாம் சொல்வது பெரும்பாலும், எப்போதோ வந்த அம்மை நோயின் வைரஸ் உடம்பில் ஒளிந்திருந்து மறுபடி கிளம்புவது. கொப்புளம் வந்த மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால்தான் நல்ல பலன். கண் பக்கம் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆயா துடைப்பத்தால் அடித்ததோ கூரை மூலையில் மெல்லிய நெட்டைக்காலோடு தொங்கும் 'ஃபோல்சிடே' குடும்பத்துச் சிலந்தியை. அது கொசு பிடித்துத் தின்கிற ஆள்.